முகத்தைப் பற்றிப் பேசினால் பத்து ரூபாய்: நம் வாசகர் வட்டத்தின் 2025 ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றதும் பாதிப் பேர் டீ குடிக்க இறங்கிவிடுவீர்கள் என்பதால் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 கூட்டம் போட நினைத்தோம், 9 நடந்தது. ஏப்ரல், மே வெயிலில் மாடி ஹாலில் உட்கார முடியவில்லை, டிசம்பரில் மழை. உறுப்பினர்கள் 41 பேர், சந்தா கட்டியவர்கள் 33 பேர். மீதி எட்டுப் பேர் யார் என்று இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். அபராத உண்டியலில் 1,120 ரூபாய்.

அந்த உண்டியல் எப்படி வந்தது என்பது ஜனவரிக் கூட்டத்துக்கு வராதவர்களுக்குத் தெரியாது. அழகுக்காகப் பேர்போன, பொதுவாழ்விலும் பேர்வாங்கிய பெண்களைப் பற்றி இந்த ஆண்டு முழுக்கப் பேசலாம் என்று முடிவானது. கடைசி வரிசைப் பெரியவர் 'கனவுக்கன்னிகள்' என்று தலைப்பு வைக்கச் சொன்னார். அப்படி வைத்தால் நாங்கள் யாரும் வரமாட்டோம் என்று இந்தப் பக்கம் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள். அரைமணி நேரம் அதிலேயே போனது. அப்புறம் பொருளாளர் அக்காதான் வழி சொன்னார்: தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் கண், மூக்கு, இடை, நிறம் என்று யார் ஆரம்பித்தாலும் தடவைக்குப் பத்து ரூபாய் உண்டியலில் போடவேண்டும். சரி என்று கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி. முதல் அபராதம் கட்டியதும் நான்தான்.

அது பிப்ரவரியில், அந்தக் கால நடிகை டி.ஆர். ராஜகுமாரி பற்றிய கூட்டத்தில். அன்றைக்கு மட்டும் 310 ரூபாய் சேர்ந்தது, அந்தக் கணக்கை வேறு எந்தக் கூட்டமும் தாண்டவில்லை. 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம், அதில் கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரை மயக்குகிற வேடம் இவருக்கு. அதைப் பற்றிப் பேசிக்கொண்டு கண்ணைத் தொடாமல் எப்படி இருப்பது? ஆனால் உண்டியல் பயத்தில் பேச்சை மாற்ற வேண்டி வந்ததே, அது நல்லதாகப் போயிற்று. தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கியவர், எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி' (1955) அந்தக் கம்பெனிப் படம், தி.நகர் பாண்டி பஜாரில் ராஜகுமாரி என்று தன் பெயரிலேயே தியேட்டர் வைத்திருந்தவர் என்பதெல்லாம் அப்புறம்தான் வெளியே வந்தது. கடைசி வரிசைப் பெரியவர் அந்தத் தியேட்டரில் எத்தனையோ படம் பார்த்தவராம். "பேர் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், முதலாளியே அந்த அம்மாதான் என்று இன்றைக்குத்தானே தெரிகிறது" என்றார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் ஏழெட்டுப் பேர் அந்தத் தெருவில் மாதாமாதம் துணி எடுக்கிறவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

மார்ச்சில் நடிகை பானுமதி. பரணி ஸ்டுடியோ நடத்தியது, 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழியில் இயக்கியது, பிறகு சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு அக்கா பாட ஆரம்பித்துவிட்டார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் பானுமதி பாடுகிற 'அழகான பொண்ணுதான்' பாட்டு உங்களுக்கே தெரியும், முதல் வரியிலேயே அழகும் வருகிறது, கண்ணும் வருகிறது. பாடினால் அபராதம் உண்டா இல்லையா என்று விதியில் எழுதி வைக்கவில்லை. பாதி கட்டணமாக ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டோம். இதை அடுத்த செயற்குழு தெளிவாக எழுதி வைத்தால் நல்லது.

ஜூன் கூட்டம் காயத்ரி தேவி. ஜெய்ப்பூர் ராணிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். சம்பந்தம் ராஜாஜி. 1959இல் அவர் ஆரம்பித்த சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில்தான் இந்த அம்மா 1962 மக்களவைத் தேர்தலில் ஜெய்ப்பூரில் நின்றார். பதிவான 2,46,516 வாக்கில் 1,92,909 இவருக்கு, நூற்றுக்கு 78. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய வெற்றி. அதற்கு முன்பே வெளிநாட்டுப் பத்திரிகைகள் உலகப் பேரழகிகளில் ஒருவர் என்று எழுதிவிட்டிருந்ததால், மக்கள் முகத்தைப் பார்த்துப் போட்டார்களா, ராணியம்மா என்று போட்டார்களா, கட்சிக்குப் போட்டார்களா என்று பெரிய வாக்குவாதம். என் கணக்கு இதுதான்: முதல் தடவை முகமும் அரண்மனையும் உதவியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1967இலும் ஜெயித்தார், இந்திரா அலை அடித்த 1971இலும் ஜெயித்தார். ஒரே முகத்துக்கு மூன்று தடவை யார் ஓட்டுப் போடுவார்கள்? பெண்கள் பர்தாவுக்குள் இருந்த ஊரில் 1943இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். அந்தப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களும் அவர்கள் வீட்டாரும் 1962இல் ஓட்டுப் போடுகிற வயதில் இருந்திருப்பார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. நெருக்கடி நிலையில், 1975இல், அந்நியச் செலாவணி வழக்கு என்று சொல்லித் திகார் சிறையில் வைத்தார்கள், ஐந்து மாதம் போல இருந்தார். கூட்டம் ஏழரைக்கு முடியவேண்டியது, ஒன்பதுக்கு முடிந்தது. காவலாளித் தம்பியிடம் இந்த அறிக்கை வழியாகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலையில் வைஜயந்திமாலா என்று போட்டிருந்தோம். 14ஆம் தேதி பெங்களூரில் சரோஜாதேவி காலமானார், 87 வயது. அந்த ஞாயிறு கூட்டத்தை அஞ்சலிக் கூட்டமாக மாற்றினோம், உண்டியலை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். அவர் விருப்பப்படியே கண்களைத் தானமாகக் கொடுத்தார்கள் என்ற செய்தியை நம் தலைவர் அய்யா படித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்றைக்கே கண்தானப் படிவம் வாங்கலாம் என்று பேச்சு வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வைஜயந்திமாலா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியோடு ஆடிய போட்டி நடனத்தில் ஜெயித்தது யார் என்ற பழைய வழக்கை எடுக்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. 'தேவதாஸ்' இந்திப் படத்துக்குச் சிறந்த துணை நடிகை விருது கொடுத்தபோது என் வேடம் துணை வேடமில்லை என்று சொல்லி வாங்க மறுத்ததையும், 1984இல் தென்சென்னையில் இரா. செழியனைத் தோற்கடித்து மக்களவைக்குப் போனதையும் ஒரே மூச்சில் பேசினோம். எனக்கு இரண்டும் ஒரே குணமாகத்தான் படுகிறது. செழியன் மாதிரி நாடாளுமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவரைத் தோற்கடித்தது நியாயமா என்று ஒருவர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார். 1989இல் மறுபடியும் அதே தொகுதியில் ஜெயித்தார் என்று சொன்னேன், வருத்தம் கூடியதுதான் மிச்சம்.

செப்டம்பரில் நம் உறுப்பினர் ஒருவரின் பேத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஹெடி லமார் பற்றிப் பேசியது. வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் பேரழகி என்று கொண்டாடப்பட்டவர். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலுடன் சேர்ந்து 1942இல் காப்புரிமை வாங்கினார்: கடலில் போகிற டார்பிடோவுக்கு அனுப்பும் ரேடியோ சிக்னலை எதிரி கெடுக்காமல் இருக்க, பியானோவின் கட்டைகள் போல 88 அலைவரிசைகளில் மாற்றி மாற்றித் தாவவிடும் முறை. கடற்படை அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை, காசும் கிடைக்கவில்லை. இவர்தான் வைஃபை கண்டுபிடித்தார் என்று ஃபார்வர்டு வருகிறதே, அது மிகை என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வகைத் தாவல் புளூடூத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நம் வட்டத்து புளூடூத் ஸ்பீக்கர் அந்த நேரம் பார்த்துக் கரகரத்தது தனிக்கதை. அன்றைக்கு அபராதம் வெறும் 20 ரூபாய். நாம் திருந்திவிட்டோம் என்று நினைத்தேன், பிறகுதான் புரிந்தது, பேத்தி ஒரு புகைப்படம்கூடக் காட்டவில்லை.

அக்டோபரில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மழையால் ஒன்பது பேர்தான். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொன்னபோது வேண்டாம் என்றதைவிட, மாநிலங்களவையில் இருந்துகொண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் (1960) வர முதல் காரணமாக இருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வராதவர்களுக்காக அந்தக் கூட்டத்தை மறுபடி வைக்கலாம்.

செலவு: டீ, பிஸ்கட், ஸ்பீக்கர் ரிப்பேர், நாற்காலி வாடகை. பொருளாளர் அக்கா விவரமாகப் படிப்பார். உண்டியல் பணத்தில் புது பிளாஸ்க் வாங்கலாம் என்று ஒரு கட்சி, புத்தகம் வாங்கலாம் என்று ஒரு கட்சி. பொதுக்குழு முடிவு செய்யட்டும். பழைய பிளாஸ்கில் டீ ஒழுகுகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கண்தானப் படிவம் 25 வாங்கி வைத்தேன், 11 திரும்பி வந்திருக்கிறது. கடைசி வரிசைப் பெரியவர்தான் முதலில் கொடுத்தார். மீதி என் மேசையில் இருக்கிறது, வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். வரும்போது பேனா கொண்டு வாருங்கள், போன தடவை என்னுடையது இரண்டு காணாமல் போய்விட்டது.