பணத்துக்காக மட்டும்தானா அந்தக் கொலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ஐரோப்பியக் குற்றப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'பர்ப்பிள் நூன்' படத்துக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதிலும், பணத்துக்காக நண்பனைக் கொல்லும் ஏழை இளைஞனின் கதை என்று சுருக்கமாக முடித்துவிட்டார் கட்டுரையாளர். ரெனே கிளெமான் 1960இல் எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். அந்த ஏழை இளைஞன் டாம் ரிப்லி தன் நண்பனைத் துடுப்பால் அடித்துக் கொல்வதாகக் கட்டுரை சொல்கிறது. அது பாட்ரிசியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய மூல நாவலில் வருவது. படத்தில் கத்திக்குத்து. பாய்மரப் படகில் இருவரும் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. நாவலில் டிக்கி என்றிருந்த பணக்காரப் பையன் படத்தில் பிலிப் ஆகியிருக்கிறான் (நடித்தவர் மோரீஸ் ரோனே).

சரி, பணத்துக்கு வருவோம். இத்தாலியில் ஊதாரித்தனமாகத் திரியும் பிலிப்பை அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்து வந்தால் 5,000 டாலர் என்று அவன் அப்பா டாமிடம் பேசியிருக்கிறார். அந்த ஆசை டாமுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் கொலைக்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது? பிலிப்பின் உடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று அவனைப் போலவே பேசி, கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு முத்தம் கொடுக்கிறான் டாம். பிலிப் அதைப் பார்த்துவிடுகிறான். படகில் சாப்பிடும்போது, மீன் கத்தியை இப்படியா பிடிப்பது என்று பிலிப் அவனுக்குப் பாடம் எடுக்கிறான். அப்புறம் விளையாட்டுக்காக அவனைச் சின்னத் தோணியில் இறக்கிவிட, கயிறு அறுந்துபோய், கொளுத்தும் வெயிலில் நடுக்கடலில் கிடந்து உடம்பு வெந்து போகிறான். வெறும் பணத்துக்காக வந்தவன் மீன் கத்தி விஷயத்தைச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். டாமின் வயிற்றெரிச்சல் வேறு. படகு, உடை, காதலி மார்ஜ் எல்லாம் வேண்டும், அதற்கும் மேலே பிலிப்பாகவே வாழ்ந்து பார்க்க வேண்டும்.

கொலைக்குப் பிறகு வரும் ஆள்மாறாட்டத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. பாஸ்போர்ட்டில் புகைப்படத்தை மாற்றி, அதன்மேல் இருக்க வேண்டிய முத்திரையையும் டாம் தானே உண்டாக்கிக்கொள்கிறான். பிலிப்பின் கையெழுத்தைப் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் பெரிதாக விழவைத்து, அதன்மேல் எழுதி எழுதிப் பழகுகிறான். பிலிப்பின் பெயரில் மார்ஜுக்குக் கடிதம் தட்டச்சு செய்கிறான். இதையெல்லாம் கிளெமான் அவசரமே படாமல் காட்டுகிறார். ஒரு தொழிலாளி வேலை செய்வதைப் பார்ப்பது போல நாமும் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதற ஆரம்பித்துவிடுகிறோம். சந்தேகப்பட்டு வரும் பிலிப்பின் நண்பன் பிரெடியையும் கொன்று, அந்தக் கனத்த உடலை மாடிப்படி வழியாக இறக்கும் காட்சியில் எனக்கு ஒவ்வொரு முறையும் கை வியர்த்துவிடும்.

இதில் டாமாக நடித்த அலென் டெலானின் முகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு முதலில் தர நினைத்தது பிலிப் வேடம். ரிப்லிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 2024 ஆகஸ்டில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பாதி அவர் அழகைப் பற்றித்தான். அந்த அழகை கிளெமான் எவ்வளவு விஷமத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

கட்டுரையாளர் புகழ்ந்த முடிவு எனக்கு ஒட்டவில்லை. ஹைஸ்மித்துக்கும் டெலானைப் பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. நாவலில் ரிப்லி தப்பித்துவிடுகிறான். படத்திலோ, படகைக் கரைக்கு இழுக்கும்போது அதில் சிக்கிய கயிற்றோடு பிலிப்பின் பிணமும் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் நம்மைக் குற்றவாளியின் பக்கம் உட்காரவைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் நீதிபோதனை எதற்கு? கைவிலங்கு மாட்டுவதைக் காட்டாமல் விட்டாரே, அந்த மட்டும் நன்றி.

இன்னொன்று. மேட் டேமன் ரிப்லியாக நடித்த 1999 படம் இதன் மறு ஆக்கம் இல்லை. இரண்டும் ஒரே நாவலிலிருந்து வந்தவை. ரிப்லியை வைத்து ஹைஸ்மித் மொத்தம் 5 நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடலாம். முடிவை மட்டும் முதல் வரியிலேயே போட்டு உடைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி