கோத்தகிரிக்கு எந்த வண்டி?

கோவை
23-11-2025

அன்புள்ள சந்திரனுக்கு,

வணக்கம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தங்கையின் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான் இரண்டில் ஒன்றைப் பெட்ரோலில் எடுக்கப் போவதாக எழுதி, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எது முதலில் தொடும் என்று கேட்டிருந்தாய். கோத்தகிரியில் குடியிருப்பவன் இதைக் கேட்டதுதான் எனக்கு வியப்பு. மேட்டுப்பாளையத்துக்கும் உன் வீட்டு வாசலுக்கும் நடுவில் நூறைத் தொடுவதற்கு ஓர் இடம் காட்டு, பிறகு அந்தக் கணக்கைப் பேசுவோம்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. நீளம் இரண்டுக்கும் 3,995 மில்லிமீட்டர். எஸ்யூவி என்று சொல்லி விற்றாலும், லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உட்காராத, காரின் உடலையே கொஞ்சம் உயர்த்திக் கட்டிய கிராஸ்ஓவர்கள்தான் இவை. வேறுபாடெல்லாம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பிரெஸ்ஸாவில் 1,462 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. 103 குதிரைத்திறன், எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்றுச் சுற்றும்போது 136.8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகிச் சுழற்றும் விசை. நெக்ஸானில் 1,199 சிசி, மூன்றே சிலிண்டர், ஆனால் டர்போ உண்டு. 120 குதிரைத்திறன், 1,750 சுற்றிலிருந்து 4,000 சுற்று வரை 170 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் பதினேழு கூடுதலாக இருந்தாலும் நெக்ஸான் எடை கூடிய வண்டி என்பதால், கியர் மாற்றி மாற்றி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முழுமூச்சாக விரட்டும் ஓட்டத்தில் அந்த வித்தியாசம் பெரிதும் கரைந்துவிடும்.

முப்பது ஆண்டுகள் பம்புசெட் மோட்டார்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்குக் கண் போவது முறுக்குவிசையின் மேல்தான், அதிலும் அது எத்தனையாவது சுற்றில் கிடைக்கிறது என்பதன் மேல். மலையில் நீ பெரும்பாலும் ஓட்டும் 2,000 சுற்றில் நெக்ஸானின் 170 நியூட்டன் மீட்டரைத் திறனாக மாற்றினால் சுமார் 48 குதிரைத்திறன் வரும். பிரெஸ்ஸா தன் உச்ச முறுக்குவிசை முழுவதையும் 2,000 சுற்றிலேயே கொடுத்துவிடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 39-ஐத் தாண்டாது. உண்மையில் அந்த உச்சம் 4,400 சுற்றில் அல்லவா இருக்கிறது.

தீபாவளிக்கு மறுவாரம் உன் வீட்டுக்கு வந்தது மைத்துனரின் பிரெஸ்ஸாவில். பத்து நாள் கழித்து, உனக்குச் சொல்லாமல், என்னோடு வேலை பார்த்தவரின் நெக்ஸானில் அதே பாதையில் பாதி தூரம் ஏறி இறங்கினேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டுமே கையால் கியர் போடுகிற வண்டிகள். பிரெஸ்ஸாவில் ஏறும்போது முன்னால் ஒரு பேருந்து முக்கிக்கொண்டு போனது. நேர்ப்பாதை சிறிது தூரம் தெரிந்ததும் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சத்தம் வந்த அளவுக்கு வண்டி நகரவில்லை. இரண்டாவதுக்கு இறக்கி, சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் பேருந்தின் ஓட்டுநர் கதவுக்கு இணையாக வர முடிந்தது. நெக்ஸானில் அப்படியொரு தருணம் வந்தபோது மூன்றாவது கியரை நான் மாற்றவே இல்லை. மிதித்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காதது போல இருந்தது, பிறகு முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது போல வண்டி எழும்பியது.

அந்த ஒரு கணத்தைத்தான் நீ யோசிக்க வேண்டும். டர்போ என்பது எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் விசிறி. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறக்குறைய நின்று திரும்பும்போது புகையும் குறைவு, விசிறியும் மந்தம். அங்கே சோம்பலாக முதல் கியருக்கு இறங்காமல் விட்டால் நெக்ஸான் தயங்கும். பிரெஸ்ஸாவோ கால் கேட்ட அளவுக்கு அப்போதே கொடுத்துவிடுகிறது. வளைவிலிருந்து வெளியே வருவதில் அதன் சுபாவம்தான் எனக்குப் பிடித்திருந்தது. அந்த முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் வளைவுகளைக் காட்டிலும் அவற்றுக்கு நடுவிலுள்ள ஏற்றமே அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

உன் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம் உயரம். கோத்தகிரி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,800 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பியே வாழ்வதால் அதே அளவுக்கு வலுவை இழக்கும்; பிரெஸ்ஸாவின் 103, உன் வாசலில் ஏறக்குறைய 86 ஆகிவிடும். டர்போ கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். நான் பேருந்துக்குப் பின்னால் திணறியதற்கு எஞ்சினின் குணம் பாதி, மெலிந்த காற்று பாதி.

இறக்கத்தில் மட்டும் பிரெஸ்ஸாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். இரண்டாவது கியரில் விட்டுக்கொண்டு வரும்போது பெரிய எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை. வரியில் நெக்ஸானுக்கு ஆதாயம்: நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், பிரெஸ்ஸாவுக்கு 40. மூன்று சிலிண்டரில் டர்போவைப் பொருத்தி இவர்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்பதற்கு அந்த 1,200 என்ற எண்ணும் ஒரு காரணம்.

நான் கோவையில் ஓட்டுவதற்கு வாங்கினால் யோசிக்காமல் பிரெஸ்ஸாவை எடுப்பேன். அதன் எஞ்சின் அவ்வளவு மென்மை. உனக்கு நெக்ஸான். ஆனால் ஷோரூம்காரர் காலி வண்டியைச் சமவெளியில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதே. டிசம்பரில் நீங்கள் இருவரும் இறங்கி வரும்போது எங்கள் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொள், ஏசியைப் போடு, மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் சில வளைவுகள் வரையாவது இரண்டு வண்டியையும் நீயே ஓட்டிப் பார். எந்த ஞாயிறு என்று மட்டும் எழுது.

அன்புடன்,
மாணிக்கம்