புது போனும் 5,043 ரூபிளும்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ கேட்டதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "புது போனுக்கு இன்ஷூரன்ஸ் போடட்டுமா, வேண்டாமாம்மா? நாளன்னைக்குள்ள சொல்லணுமாம்" என்றாய். பக்கத்தில் இருந்த அப்பா "வேண்டாம்னு சொல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பொருந்தும் பதில் உனக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நடந்ததை அப்போது உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை நேரம். பஸ்ஸில் சீட்டிலேயே போனை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நினைவு வந்து திரும்பி ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்று அன்று ராத்திரி இருவரும் நிம்மதியாகவே தூங்கினோம். இரண்டு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் ப்ரீமியம் கட்டியிருந்தார். கிளெய்ம் படிவத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினார். பத்து நாள் கழித்து, கிளெய்ம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அந்தப் பாலிசியில் திருட்டுக்கு மட்டும்தான் பணம், தொலைத்தால் கிடையாது. திருட்டிலும்கூட, கையிலிருந்து பறித்திருக்க வேண்டும் அல்லது பூட்டை உடைத்து எடுத்திருக்க வேண்டும். ஆள் பார்வையில் இல்லாமல் விட்டுவைத்த பொருள் கணக்கில் சேராது. இதெல்லாம் ஏழாம் பக்கத்தில் அச்சாகி இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

"திருடு போச்சுன்னு எழுதியிருந்தா பணம் வந்திருக்குமே" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பணம் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அன்று அவர் நின்ற நிலை எனக்குப் பெருமை.

அதனால், எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியை முதலில் ஓரமாக வை. உனக்கு எது நடந்துவிடுமோ என்று பயம், அது அந்தத் தாளில் இருக்கிறதா என்று பார். உனக்குப் போனைக் கை தவறிக் கீழே போடும் பழக்கம்தான் அதிகம். கல்லூரிக் காலத்தில் இரண்டு முறை ஸ்கிரீன் மாற்றினாய். தொலைத்தது ஒருமுறைகூட இல்லை. அப்பா மறப்பவர், நீ நழுவவிடுபவள். இரண்டு பேருக்கும் ஒரே பாலிசி எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றையும் கலந்து குழப்பிக்கொள்ளாதே. போனோடு வரும் வாரண்டி, தயாரிப்பில் இருந்த குறைக்கு மட்டும்தான். நீ கீழே போட்டு உடைத்தால் அது உதவாது. கடையில் தனியாக விற்கும் நீட்டித்த வாரண்டி என்பதும் பெரும்பாலும் அதே வாரண்டிதான், காலம் மட்டும் கூடுதல். அதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. உன்னிடம் காட்டியது இதில் எது என்று பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை, ஐபி 68 போட்டிருக்கிறது என்றாய். தூசியும் தண்ணீரும் புகாமல் போன் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தரக்குறி அது. அந்த இரண்டு எண்ணில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்தச் சோதனை புது போனை ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில், குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட நேரம் வைத்துப் பார்ப்பது. கடல் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. ஒருமுறை பலமாக விழுந்தாலோ, ரிப்பேருக்குத் திறந்து மூடினாலோ, அந்தக் காப்பு பழையபடி இருக்கும் என்று நம்ப முடியாது. ஓரங்களை மூடியிருக்கும் பசையும் நாளாக நாளாகத் தளரும். ஆனாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. நனைந்தால் சிவப்பாக மாறும் ஒரு சிறு ஒட்டுத்துண்டு பல போன்களின் உள்ளே இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இனி கணக்கு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான், இதை எழுதாமல் எனக்கு முடியாது. உன் போனின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள். வருஷ ப்ரீமியம் 12 பங்கு. கிளெய்ம் செய்யும்போது நீ உன் கையிலிருந்து போடவேண்டியது 10 பங்கு. ஸ்கிரீன் மாற்ற 25 பங்கு. இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள், உன் தாளில் இருப்பதை அந்த இடங்களில் போட்டுப் பார். ஸ்கிரீன் உடைந்தால் இன்ஷூரன்ஸ் உனக்கு மிச்சப்படுத்துவது 25-இல் 10 போக 15 பங்கு. அதற்கு நீ 12 கொடுத்திருக்கிறாய். அதாவது 5 வருஷத்தில் 4 வருஷம் ஸ்கிரீன் உடைந்தால்தான் அந்த ப்ரீமியம் கட்டுபடியாகும். நீ எவ்வளவு நழுவவிட்டாலும் அந்த அளவுக்கு இல்லை, கண்ணம்மா. ஒரு நல்ல உறையும் ஸ்கிரீன் மேல் ஒட்டும் காப்புக் கண்ணாடியும் இந்தக் கவலையின் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் தீர்த்துவிடும்.

போன் முழுதாகப் போய்விட்டால் கணக்கு மாறும். அப்போதும் 100 பங்கு வராது. தேய்மானம் கழிப்பார்கள். ஒன்பது மாதம் பழகிய போனுக்கு 65 பங்கு மதிப்பு போட்டார்கள் என்றால், உன் 10 போக 55 கைக்கு வரும். 12 கொடுத்து 55 பெற வேண்டுமானால், நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போனை முழுதாக இழந்தால்தான் சரிக்குச் சரி. கணக்கு ஏன் இப்படி நம் பக்கம் நிற்காமல் போகிறது என்றால், நீ கட்டும் பணத்திலிருந்துதான் விற்பவரின் கமிஷன், அலுவலகச் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் போகவேண்டும். அடிக்கடி உடைப்பவர்கள்தான் அதிகம் எடுப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதையும் விலையில் சேர்த்துவிடுவார்கள்.

இதோடு நிறுத்தினால் அப்பா சொன்னதுதான் சரி. ஆனால் 1738-இல் டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் ஒரு வியாபாரி ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கி ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கப்பலில் அனுப்புகிறான். போய்ச் சேர்ந்தால் 10,000 ரூபிள். நூறு கப்பலில் 5 மூழ்கிவிடும். அப்படியானால் நியாயமான ப்ரீமியம் 500 ரூபிள்தான். கேட்பதோ 800. எடுக்கலாமா? அவன் கையில் வேறு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று சொல்லுங்கள் என்கிறார் பெர்னூலி. 5,043 ரூபிளுக்கு மேல் இருந்தால் எடுக்க வேண்டாம், அதற்குக் கீழே இருந்தால் அந்த அதிக விலைக்கும் எடுப்பதே புத்திசாலித்தனம். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே ப்ரீமியம், ஆனால் இரண்டு வியாபாரிகளுக்கு இரண்டு விடை. ஒரே தொகை, இருப்பவனுக்கு உரசல், இல்லாதவனுக்கு முறிவு என்பதைத்தான் அவர் கணக்காக எழுதிவைத்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு மலைப்பு வரும்.

அப்பாவின் போன் இன்று போனால் நாளை அவர் இன்னொன்று வாங்கிக்கொள்வார். அவர் கரையில் நிற்கிறார். நீ அப்படியில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போனைத் தவணையில் வாங்கியிருக்கிறாய். போன் போனாலும் தவணை போகாது, மாதாமாதம் நின்று கேட்கும். அலுவலகத்துக்குள் நுழைவதிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாம் அதில்தான். அது இல்லாத ஒரு வாரத்தில் கடன் வாங்கியாவது இன்னொன்று வாங்குவாய், என்னிடம் சொல்லவும் மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

ஆகவே என் பதில் இது. இந்த ஒரு வருஷம் எடு. விபத்துச் சேதம், திருட்டு இரண்டும் சேர்ந்ததாக இருந்தால் மட்டும் எடு. ஸ்கிரீனுக்கு மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். எடுக்கும்போதே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடு. சிறு தொகைதானே என்று மாதாமாதம் அது கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், போனின் மதிப்போ இறங்கிக்கொண்டே வரும். அப்பா அப்படித்தான் இரண்டாம் வருஷமும் கட்டினார். தவணை முடியும்வரை மாதம் கொஞ்சம் தனியாக ஒதுக்கிவை. அடுத்த போனுக்கு உனக்கு இன்ஷூரன்ஸ் தேவைப்படாது.

அதற்கு முன் உன் கிரெடிட் கார்டின் விதிகளையும் பார்த்துவிடு. சில கார்டுகள் அதில் வாங்கிய பொருளுக்குச் சில மாதம் காப்பு கொடுக்கின்றன. இருந்தால் ஒரே பொருளுக்கு இருமுறை கட்டவேண்டியதில்லை.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று உண்டு. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண், அதாவது உன் போனுக்கே உரிய அடையாள எண், வரும். அதை எனக்கு அனுப்பு, இங்கே டைரியில் எழுதிவைக்கிறேன். பில்லையும் படமெடுத்து அனுப்பு. போன் களவு போனால் போலீசில் புகார் கொடுக்கவும், அதை முடக்கச் சொல்லவும் அந்த எண்தான் வேண்டும். பல பாலிசிகள் ஒன்றிரண்டு நாளுக்குள் புகார் நகலைக் கேட்கும். தூரத்திலிருந்தே போனைப் பூட்டும் வசதியை இயக்கிவை, படங்களைப் பேக்கப் எடுத்துவை. பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் உன் போனில் மட்டும்தான் இருக்கின்றன. எந்தக் கம்பெனியும் அதைத் திருப்பித் தராது. எனக்கு உண்மையில் பெரிய கவலை அதுதான்.

பாலிசியின் முழுத் தாளையும் கேட்டு வாங்கு, ஒரு பக்க விளம்பரத் தாள் போதாது. ராத்திரி சாப்பிட்டதும் கூப்பிடு. அப்பாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். விலக்குகள் என்ற பகுதியை அவரே வரிவரியாக உனக்குப் படித்துக் காட்டுவாராம்.

அன்புடன்,
அம்மா