பெர்ரிப் பழங்களுக்கு அடுப்பு வேண்டாம். சர்க்கரையும் நேரமும் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்கிரீம், கேக், பான்கேக், தயிர் ஆகியவற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் பெர்ரி டாப்பிங் பற்றி வெளிவரும் சமையல் குறிப்புகளில் பல, பழத்தையும் சர்க்கரையையும் பாத்திரத்தில் இட்டு அடுப்பில் கொதிக்கவிடச் சொல்கின்றன. அப்படிச் செய்வதில் தவறில்லை என்றாலும், அதில் கிடைப்பது பாதி காய்ச்சிய ஜாமின் சுவையே. பழுத்த ஸ்ட்ராபெர்ரியின் மணம் எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது. கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி பறந்துவிடுகிறது. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறக்குறைய 59 மில்லிகிராம் இருக்கும் வைட்டமின் சி சத்தும் வெப்பத்தில் குறைகிறது. அடுப்பே தேவைப்படாத, பழத்தைச் சர்க்கரையில் ஊறவைக்கும் முறையைத் தங்கள் சமையல் பகுதி வாசகர்களுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இம்முறையின் அடிப்படை சவ்வூடு பரவல். ஸ்ட்ராபெர்ரியின் எடையில் சுமார் 91 விழுக்காடு நீர்தான். நறுக்கிய துண்டுகளின் மீது சர்க்கரை விழுந்ததும், ஈரமான மேற்பரப்பில் அது கரைந்து அடர்த்தியான பாகாக மாறுகிறது. அந்த அடர்த்தியை ஈடுசெய்யப் பழத்தின் செல்களிலிருந்து நீர் வெளியேறி, நிறத்தையும் மணத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது. வெள்ளரித் துண்டுகளில் உப்பைத் தூவினால் சிறிது நேரத்தில் தட்டில் நீர் தேங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே இந்தக் கலவையில் ஒரு துளி தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. சேர்த்தால் சாறு நீர்த்துப்போகும்.

அளவைப் பொறுத்தவரை, 500 கிராம் ஸ்ட்ராபெர்ரிக்கு 30 முதல் 50 கிராம் வரை சர்க்கரை போதும். நன்கு பழுத்த பழமாக இருந்தால் குறைந்த அளவும், புளிப்பாக இருந்தால் கூடுதல் அளவும் பொருந்தும். பறித்த பிறகு ஸ்ட்ராபெர்ரி மேலும் இனிப்பேறுவதில்லை என்பதால், புளிப்பான பழத்தை வாங்கி வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. சமையல் குறிப்புகளில் 'இரண்டு கரண்டி' என்று எழுதுவதை விடுத்துக் கிராமில் எழுதினால் நல்லது. கரண்டியின் அளவு வீட்டுக்கு வீடு மாறும், எடை மாறாது. நைசான சர்க்கரை விரைவாகக் கரையும். பழுப்புச் சர்க்கரை தனக்கென ஒரு சுவையைக் கொண்டுவருவதால், பழத்தின் சுவை முன்னே நிற்க வேண்டுமென்றால் வெள்ளைச் சர்க்கரையே மேல். சர்க்கரையைத் தவிர்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிட்டிகை அளவே சேர்க்கப்படும் செயற்கை இனிப்பூட்டிகள் இனிப்பைக் கொடுக்குமே தவிர, பழத்திலிருந்து சாற்றை அந்த அளவுக்கு இழுக்காது.

செய்முறையில் வரிசை முக்கியம். காம்பும் இலையும் இருக்கும்போதே பழங்களை ஓடும் நீரில் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே காம்பை நீக்க வேண்டும். முதலில் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால், அந்தக் குழியின் வழியே நீர் உள்ளே சென்றுவிடும். சிறிய பழத்தை இரண்டாகவும் பெரியதை நான்காகவும் நறுக்கி, கண்ணாடி, பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் இட வேண்டும். புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால் அந்தப் பாத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரையோடு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் சேர்த்து, துண்டுகள் நசுங்காதபடி அடியிலிருந்து மேலாகப் புரட்டி, மூடி வைத்துவிடலாம். எலுமிச்சை சுவைக்கு மட்டும் உதவுவதில்லை. பழத்தின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமி புளிப்பில் பளிச்சென்று சிவந்து நிற்கும்.

அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பளபளப்பான சாறு தேங்கியிருக்கும். ஒரு மணி நேரத்தில் துண்டுகள் மென்மையாகி, ஆனால் வடிவம் குலையாமல் இருக்கும். என் கருத்தில் பரிமாற அதுவே சரியான பருவம். குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் ஊறவைத்தால் சாறு கூடும், ஆனால் நீரை இழந்த பழம் துவண்டுவிடும். அந்தச் சாறு மெல்லியதாகவே இருக்கும் என்பதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். ஜாமைத் திரளச் செய்யும், பழத்தில் இயல்பாகவே உள்ள பெக்டின் என்ற பொருள் கெட்டிப்படுவதற்கு வெப்பமும் ஏராளமான சர்க்கரையும் தேவை. அவை இரண்டும் இங்கே இல்லாததால், ஜாம் போலத் திரண்டு வரவில்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லாப் பெர்ரிகளையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. புளூபெர்ரியின் தோலும் அதன் மேலுள்ள மெழுகுப் படலமும் சர்க்கரையை உள்ளே அண்டவிடாது. முழுப் பழத்தைச் சர்க்கரையில் புரட்டி வைத்தால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாதியளவு பழங்களையாவது முள்கரண்டியால் நசுக்கிச் சேர்க்க வேண்டும். ராஸ்பெர்ரியோ தொட்டாலே உடைந்துவிடும் தன்மையுடையது. கலவையில் அதைக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் சேர்த்தால் போதும். உறைந்த பெர்ரிகளில் பனிப்படிகங்கள் செல்சுவர்களை ஏற்கெனவே கிழித்திருப்பதால், உருகும்போதே அவை தாமாகச் சாறு விடுகின்றன. துண்டுகளின் வடிவம் நிலைக்காவிட்டாலும், சாறு மட்டும் வேண்டுவோருக்கு அவை ஏற்றவை.

பாதுகாப்பைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். ஜாம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதன் மொத்த எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சர்க்கரையும், காய்ச்சும்போது ஏறும் வெப்பமும் காரணம். பழத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இல்லாத, சூடே படாத இந்தக் கலவைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவாகவோ வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த ஒரு பழம் கண்ணில் பட்டாலும், நறுக்குவதற்கு முன்பே அதைத் தனியே எடுத்து எறிந்துவிட வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் குறிப்பில் அவசியம் இடம்பெற வேண்டும்.

பழத் துண்டுகள் தீர்ந்த பிறகு கிண்ணத்தில் எஞ்சும் சாற்றைக் கொட்டிவிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன். குளிர்ந்த பாலிலோ சோடாவிலோ அதைக் கலந்து பருகலாம். கெட்டியான பாகு வேண்டுவோர் அந்தச் சாற்றை மட்டும் சிறு தீயில் பாதியாக வற்றவைத்து ஆறவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்