தைராய்டாகவே இருக்கட்டும் என்று

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் திருச்சி டாக்டர் உனக்கு முதலில் ரத்தப் பரிசோதனைதானே எழுதினார், தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வும் மனக்கஷ்டமும் வரும் என்று. ரிசல்ட் வாங்கப் போகிற வழியெல்லாம், சாமி, தைராய்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். பிள்ளைக்கு வியாதி கேட்டு வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தைராய்டு என்றால் உன் அத்தையிடம் சொல்லலாம், பக்கத்து வீட்டில் சொல்லலாம். எல்லாம் நார்மல் என்று வந்தது. அப்படியென்றால் இது மனச்சோர்வுதான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அதற்கு முன்னாடி நான் சொன்னதெல்லாம் உனக்கே தெரியும். முதலில் செல்போன். பிறகு சோம்பேறித்தனம். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், நெடியே வரவில்லை, கண் பட்டிருக்கிறது என்று அத்தை சொன்னாள், நம்பினேன். ஒரு கால்கட்டு போட்டால் தெளிந்துவிடுவான் என்று உன் ஜாதகத்தையும் எடுத்தேன். நல்லவேளை, அப்பா பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகிற குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போனதை மட்டும் தப்பென்று சொல்ல மாட்டேன். முகத்தில் தீர்த்தம் அடித்ததும் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாயே, எத்தனை நாள் கழித்து! 48 நாள் தங்கலாமா என்று கேட்டேன். 'டாக்டர்கிட்ட எப்பம்மா போறது?' என்றாய். அதற்கப்புறமும் எட்டு மாசம் தள்ளிப்போட்டேன். மனநல வைத்தியம் என்றாலே எனக்கு 2001-இல் பேப்பரில் பார்த்த ஏர்வாடிதான். சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அது ஆஸ்பத்திரி இல்லை, கீத்துக் கொட்டகை என்று அப்பா எத்தனை தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை.

மாத்திரையை விட்டுவிட்டேன், நல்லாத்தான் இருக்கேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல்தான் இருந்தது. மூணாவது வாரத்தில் ஒருநாள் நீயாக எழுந்து சவரம் பண்ணிக்கொண்டாய், பழைய சோறு இருக்கா என்று கேட்டாய். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'மாத்திரைக்கு அடிமையாயிடுவ' என்று உன் காதில் ஓதியவளும் நான்தான். அந்தப் பேச்சை விடு. நன்றான பிறகும் ஆறு மாசமாவது போடணும், நிறுத்துவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லி நிறுத்தினாயா, நீயாகவா? அதை மட்டும் சொல். நீயாக என்றால் இந்த வாரமே அவருக்குப் போன் போடு.

ராத்திரியில் தாங்கவில்லை என்றால் எங்களைக் கூப்பிடு. எங்களிடம் சொல்ல முடியாததாக இருந்தால் 14416. மனக்கஷ்டத்தைச் சொல்வதற்கான கவர்ன்மென்ட் நம்பர், தமிழிலேயே பேசுவார்களாம். அப்பா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

போன வாரம் அத்தை வந்து உன்னைக் கேட்டாள். மனச்சோர்வு, வைத்தியம் பார்க்கிறான் என்றேன். 'அதெல்லாம் ஒரு வியாதியா?' என்றாள். காபி ஆறுது, குடிங்க என்றேன்.

அம்மா