அபெர்ச்சருக்கு ஏது ரகசிய கஜானா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீடியோ கேம் ரசிகர்களின் ஊகங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘போர்ட்டல்’ விளையாட்டில் வரும் கற்பனை ஆய்வு நிறுவனமான அபெர்ச்சர் சயின்ஸுக்கு அமெரிக்க அரசின் ரகசிய நிதி கடைசிவரை வந்துகொண்டிருந்தது என்ற ஊகம், முடிந்த முடிவாகவே எழுதப்பட்டிருந்தது. விளையாட்டு காட்டுவது இதற்கு நேர்மாறு.

போர்ட்டல் 2-இல் (2011) நாயகி பழைய உப்புச் சுரங்கத்தின் அடியில் போய் விழுகிறாள். அங்கிருந்து மேலே ஏற ஏற, வருடங்களும் ஏறுகின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் நிறுவனர் கேவ் ஜான்சனின் ஒலிப்பதிவு சோதனைக்கு யாரை வரவேற்கிறது என்று கேளுங்கள். 1950-களில் விண்வெளி வீரர்கள், போர் வீரர்கள், ஒலிம்பிக் வீரர்கள். 1970-களில் வீடற்றவர்கள், ஆளுக்கு 60 டாலர். 1980-களில் வெளியாளே இல்லை. ஊழியர்களையே கட்டாயப்படுத்திச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். கையில் காசு புரளும் நிறுவனம் இந்த நிலைக்கு இறங்காது. அடித்தளத்தின் கோப்பை அலமாரியிலும், பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தக்காரர் விருதில் கிடைத்தது இரண்டாம் இடம்தான்.

முதல் பாகத்தில் (2007) ஆளில்லாத கூட்ட அறை ஒன்றில் ஸ்லைடுகள் ஓடிக்கொண்டிருக்கும். நின்று படித்தால், சிந்திக்கும் இயந்திரமான கிளாடோஸை எரிபொருள் அமைப்பில் பனி உறையாமல் தடுக்கும் சாதனம் என்று சொல்லி விற்கப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். போட்டி நிறுவனமான பிளாக் மெசாவோடு ஒப்பீடும் அங்கேயே உண்டு. டெண்டருக்காகத் தன் தலைசிறந்த கண்டுபிடிப்புக்கே வேறு பெயர் சூட்ட வேண்டிய நிலை! அதே கதையுலகில் நடக்கும் ‘ஹாஃப் லைஃப் 2: எபிசோட் 2’ விளையாட்டிலும் நிதியைப் பிடிக்கும் அவசரத்தில் அபெர்ச்சர் பாதுகாப்பு விதிகளைக் கைவிட்டதாகவே பிளாக் மெசாவின் முன்னாள் விஞ்ஞானி டாக்டர் கிளைனர் சொல்கிறார்.

ரகசிய நிதி என்ற எண்ணம் முளைத்தது முதல் பாகத்தின் விளம்பர இணையதளத்தில் இருந்த காலவரிசையில்தான். கடற்படை நீங்கலாக மற்ற படைகளுக்குக் குளியலறைத் திரை வழங்க 1956-இல் ஒப்பந்தம் என்கிறது அது. அது அரசுப் பணம்தான், ஆனால் திரைச்சீலைக்கு. போர்ட்டல் ஆய்வை ரகசியமாகத் தொடரக் காலவரையற்ற ஒப்பந்தம் பின்னர் கிடைத்ததாகவும் அதே காலவரிசை சொல்கிறது. இரண்டாம் பாகம் நிறுவனத்தின் தொடக்கத்தையே 1940-களுக்குத் தள்ளிவிட்டது. ஆகவே இரண்டு காலவரிசைகளையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு உதைக்கும். முரண்படும் இடத்தில் பிந்திய விளையாட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

உண்மையிலேயே மண்டையை உடைக்கும் கேள்வி நிலாப் பாறைதான். 7 டாலருக்குக்கூட வழியில்லை என்று கணக்கர்கள் சொல்லியும் 7 கோடி டாலருக்கு நிலாப் பாறை வாங்கி, அரைத்து, ஜெல்லில் கலந்ததாக ஜான்சனே சொல்கிறார். அந்த வெள்ளை ஜெல் பட்ட சுவரில் போர்ட்டல், அதாவது நொடியில் வேறோர் இடத்துக்குப் போகும் வாசல், திறக்கும். அந்தத் தூள்தான் அவர் உடலையும் கெடுக்கிறது. ஆனால் வாங்கியது யாரிடம்? அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோவும் கிட்டத்தட்ட முழுதாக அமெரிக்க அரசின் சொத்து, விற்பனைக்கு இல்லை. கதை நடக்கும் காலத்துக்குப் பிந்தியது என்றாலும், விலைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: சோவியத் லூனா 16 கொண்டுவந்த மண்ணில் சுமார் 0.2 கிராம் 1993-இல் 4,42,500 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலைக்கு 7 கோடி டாலர் கொடுத்தால் கிடைப்பது சுமார் 32 கிராம், அதாவது நாலு பவுன் நகையின் எடை. விளையாட்டிலோ ஜெல் குழாய் குழாயாகக் கொட்டுகிறது. ஒன்று, தூளின் விகிதம் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜான்சன் கடனுக்கு வாங்கியிருக்க வேண்டும். ரசிகர்கள் ஊகிக்க வேண்டிய இடம் இது. தங்கள் கட்டுரையில் நிலாப் பாறை பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.