சத்தியக் கடதாசி

என்ரை ராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் நல்ல சுகம். உன்ரை சுகத்துக்கு நல்லூரானை மன்றாடுறன். தங்கச்சி வீட்டிலையும் எல்லாரும் சுகம். போன ஞாயிறு சின்னவனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினது. காசு, நகை, புத்தகம், பேனை, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி வைச்சம். அவன் பேனையைப் பிடிச்சான். மாமனும் அதைத்தான் பிடிச்சவன் எண்டு நான் சொல்ல, சபையிலை ஒருதரும் வாய் திறக்கேல்லை. பெரிய மாமா வெத்திலை துப்புற சாட்டிலை எழும்பி வெளியிலை போட்டார்.

இஞ்சை விடாத மழை. பின்வளவுக் கிணத்திலை குனிஞ்சு கையாலை அள்ளலாம், அவ்வளவு தண்ணி. திருவெம்பாவை துடங்கிட்டுது, விடிய நாலு மணிக்கே கோயில் ஸ்பீக்கர் போட்டிடுவினம். அங்கை இப்ப சரியான குளிராம். தலைக்குத் தொப்பி போடு. காதுக்குள்ளை குளிர் போனால் உனக்கு உடனை சளி பிடிக்கும், சின்னனிலை இருந்தே அப்பிடித்தான்.

நாலு மாசமாய் நீ எடுக்கேல்லை. ஆவணியிலை நான் அந்தச் சங்கானைப் பிள்ளையின்ரை குறிப்பைப் பற்றிக் கதைச்சது பிழைதான். எல்லாம் தெரிஞ்சுகொண்டும் ஒரு நப்பாசை. நீ "வைக்கிறன் அம்மா" எண்டு சொல்லிப்போட்டு வைச்சனி. அதுக்காக நாலு மாசமோ? வட்ஸ்அப்பிலை நீ கடைசியாய் வந்த நேரமும் இப்ப தெரியிறேல்லை. அது தெரிஞ்சாலே எனக்குக் காணும். பிள்ளை இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை எண்டாவது அறிஞ்சுகொண்டிருந்தன்.

செவ்வாய்க்கிழமை லண்டன் மச்சாள் எடுத்தவள். உன்ரை அகதிக் கேஸை ஹோம் ஒஃபிஸ் இல்லை எண்டு போட்டு ஒரு வருசமாகப் போகுதாம், பங்குனியிலை அப்பீல் விசாரணையாம். எனக்கு ஒருதரும் சொல்லேல்லை. மூண்டாம் தரமும் ஹொட்டேல் மாத்திப்போட்டினம் எண்டும், சாப்பாடு தாற இடமெண்டபடியால் கையிலை தாறது கிழமைக்குப் பத்துப் பவுணும் இல்லை எண்டும் அவள் சொல்லித்தான் தெரியும். ஊரிலை நீ மாசாமாசம் காசு அனுப்புறாய் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். கார்த்திகை விளக்கீட்டுக்கு உன்ரை பேரிலை ஒரு அபிஷேகமும் செய்வித்தனான். நீ அனுப்ப வேண்டாம். பென்சன் வருகுது, தேங்காய் வித்த காசும் இருக்கு. நீ வடிவாய்ச் சாப்பிடு.

இன்னொண்டு. உனக்கு லோயர் பிடிச்சுத் தந்தது தன்ரை மகள்தான் எண்டு பெரிய மாமாவுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையை மறந்திடாதை.

ஊர்ச்சனம் எல்லாம் நீ ஆமிப் பிரச்சினையிலை அசைலம் அடிச்சதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கு. நானும் ஓமெண்டு தலையாட்டிவிடுவன். மாமாகூட ஒருக்கால் சொன்னவர், "இயக்கக் கேஸ் எழுதச் சொல்லு, எத்தினை பேர் இல்லாததை எழுதிக் கார்ட் எடுத்திட்டினம்" எண்டு. நீ எழுதேல்லை. உள்ளதைத்தான் சொல்லுவன் எண்டு நிண்டிருக்கிறாய். மச்சாள் அதைச் சொல்லேக்கை எனக்கு உன்ரை அப்பாவின்ரை ஞாபகம் வந்தது. சங்கக்கடைக் கணக்கிலை நாப்பது ரூபாய் உதைச்சதுக்கு ராத்திரி முழுக்க இருந்து கூட்டின மனுசன். பொய் சொல்லத் தெரியாத குடும்பத்திலை நான்தான் வெளியிலை இருந்து வந்தவள்.

உன்னை இல்லை எண்டு போட்ட கடிதத்தை மச்சாளிட்டைத் தமிழிலை சொல்லச் சொன்னனான். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். 2021 இலை படிக்கவெண்டு வந்தவர் 2023 வரைக்கும் ஏன் வாய் திறக்கேல்லை எண்டு கேட்டிருக்கினம். ஆரிட்டைத் திறக்கிறது? நேர்முகத்துக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெரிய மாமாவின்ரை வயசாம், கதையும் எங்கடை பக்கத்துக் கதையாம். நீ அவரை வேண்டாமெண்டிட்டு இங்கிலீசிலையே சொன்னனியாம். உன்ரை அம்மாவுக்கே சொல்லாததை அந்தாளுக்கு எப்பிடிச் சொல்லுவாய்?

நீ இன்னார் எண்டதையே நம்பேல்லையாம். நம்பினாலும் கொழும்பிலை போய் இருக்கலாமாம், அங்கை அப்பிடியானவை கனபேர் இருக்கினமாம். பழைய தீர்ப்பு ஒண்டு, 2015 இலை இலங்கைப் பொடியளின்ரை கேஸிலை வந்ததாம், அதைக் காட்டி எழுதியிருக்கினம். கொழும்பிலை சட்டம் வேறையோ? ஆணோடை ஆண் சேர்ந்தால் குற்றமெண்ட 365, 365அ பிரிவு பருத்தித்துறையிலை இருந்து தேவேந்திரமுனை வரைக்கும் ஒண்டுதான். 1883 இலை வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டக்கோவை. தன்ரை நாட்டிலை அவன் 1967 இலை துடங்கி அதைக் கழட்டிப்போட்டான். எங்கடையாக்கள் 1995 இலை திருத்துறம் எண்டு துடங்கி, பொம்பிளையளையும் அதுக்குள்ளை சேர்த்துவிட்டினம். 2023 வைகாசியிலை அதை எடுக்கிறதுக்கு வந்த மசோதா அரசியலமைப்புக்கு மாறில்லை எண்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. நான் அந்தப் பேப்பரை வெட்டி வைச்சிருக்கிறன். 2024 இலை பாராளுமன்றம் கலைஞ்சதோடை அதுவும் போச்சுது. முப்பத்தொரு வருசம் சரித்திரம் படிப்பிச்சவள், இதெல்லாம் இந்த மூண்டு வருசத்துக்குள்ளைதான் படிச்சன். ஆருக்கும் தெரியாமல், சாமியறைக்குள்ளை இருந்து.

இனி விசயத்துக்கு வாறன். குடும்பத்திலை இருந்து ஒரு கடிதம் வேணுமாம். என்ன நடந்தது, எப்ப, ஆர் செய்தது, திகதியோடை. 2022 ஆனி முடியிறதுக்கு முன்னம் அசைலம் கேட்டவைக்கு, அப்பிடி இருக்கக்கூடும் எண்டு காட்டினால் காணுமாம். பிறகு கேட்ட உங்களுக்கு அது காணாது, இல்லை எண்டதை விட ஓமெண்டது கூட எண்டு காட்ட வேணுமாம். அதுக்குத்தான் என்ரை கடிதம்.

நான் மச்சாளிட்டைச் சொன்னன், "நான் மனம் நொந்து அழுததை எழுதுறன் பிள்ளை, இஞ்சை வந்தால் சொந்தஞ் சனம் முகம் பாக்காது எண்டு எழுதுறன்" எண்டு. "அப்பிடி எழுதாதேங்கோ மாமி, அது எங்களுக்கு எதிராய்ப் போகும்" எண்டாள். 2010 இலை லண்டன் உச்ச நீதிமன்றத்திலை ஒரு ஈரான்காரரும் ஒரு கமரூன்காரரும் வெண்ட கேஸாம். ஊருக்குப் போய் ஒளிச்சு மறைச்சு இருந்துகொள் எண்டு ஒருத்தரைத் திருப்பி அனுப்பக் கூடாதெண்டு சொன்னது அதிலைதானாம். ஆனால் அதே தீர்ப்பிலை இன்னொரு சொல்லும் இருக்காம். தாய் தேப்பன் மனம் நோகும், சிநேகிதருக்கு வெக்கம் எண்டதுக்காக மட்டும் ஒருத்தன் மறைச்சு வாழ்வானெண்டால் அவன் அகதி இல்லை. அடிப்பாங்கள், பிடிச்சுக் குடுப்பாங்கள் எண்ட பயமும் இருந்தால்தான் அகதி.

அதைக் கேட்ட நேரம் தொட்டு எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. நீ எனக்கு நோகுமெண்டு மறைச்சனியோ, எனக்குப் பயந்து மறைச்சனியோ? இத்தினை நாளும் முதலாவதெண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். என்ரை பிள்ளைக்கு என்னிலை இரக்கம், அதாலைதான் சொல்லேல்லை எண்டு.

தம்பி, 2021 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் நடந்ததை நீ நேர்முகத்திலை சொல்லியிருக்கிறாய். மச்சாள் வாசிச்சவள். மாமா தலையணைக்குக் கீழை இருந்து போனைத் தற்செயலாய்க் கண்டு எடுத்தவர் எண்டு சொல்லியிருக்கிறாய். உனக்கு அப்பிடிச் சொன்னது நான்தான். மாமா எடுக்கேல்லை. நான் எடுத்தனான்.

நீ கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டனி. வாளி விழுற சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது. மார்கழி முழுக்க நீ அந்தப் பருத்தித்துறைப் பொடியனோடை இரவிரவாய்க் கதைச்சது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சுவருக்கு அங்காலை படுக்கிறவள் நான்தானே. உன்ரை போன் திறக்கிற நம்பர் அப்பாவின்ரை திவசத் திகதி எண்டும் தெரியும். திறந்து பாத்தன். ரெண்டு படந்தான் பாத்தனான். ரெண்டாவதிலை நீ சிரிச்சுக்கொண்டு நிண்டனி, அப்பா போனதுக்குப் பிறகு வீட்டிலை நீ அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அதைக் கண்டும் நான் போனைக் கொண்டுபோய் அண்ணாவின்ரை கையிலை குடுத்தனான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முற்றாகிற நேரம், வெளியிலை தெரிஞ்சால் குழம்பிடும் எண்டுதான் எனக்கு அப்ப மண்டைக்குள்ளை ஓடினது. வேறை ஒண்டும் ஓடேல்லை.

மாமா பூவரசங் கம்பு முறிச்சது உனக்குத் தெரியும். பொலிசுக்கு எடுத்தது மாமா தன்ரை பாட்டிலை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாய். என்னட்டைக் கேட்டவர். "எனக்குத் தெரிஞ்ச சார்ஜன்ட் ஒராள் இருக்கிறார், ஒரு இரவு உள்ளை வைச்சிருந்து பயப்பிடுத்தினால் திருந்திடுவான், என்ன சொல்லுறாய்" எண்டு. நான் ஓமெண்டனான். அடுப்பிலை பால் பொங்கிக்கொண்டு வந்தது, அதை இறக்கிப்போட்டு வந்து ஓமெண்டனான்.

விடிய சோத்துப்பாசல் கட்டிக்கொண்டு போனன். வாங்கிலை இருத்திவிட்டினம். உன்னை டொக்டரிட்டைக் கொண்டு போட்டினம் எண்டு ஒரு பொடியன் சொன்னான். காயத்துக்கு மருந்து கட்டவோ எண்டு கேட்டன். அவன் சிரிச்சான். அங்கை என்ன சோதனை செய்யிறவை எண்டு எனக்கு அப்ப தெரியாது, உண்மையாய்த் தெரியாது. பிறகு பேப்பரிலை வாசிச்சுத்தான் அறிஞ்சனான், வாசிச்ச அண்டைக்கு நான் சமைக்கேல்லை. நீ திரும்பி வந்து அந்தப் பாசலை வாங்கினனி, பிரிக்கேல்லை. பஸ்ஸிலை வீடு வரைக்கும் மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனி. "பசிக்குதோ ராசா" எண்டு கேட்டன் பார், அது ஒண்டுதான் எனக்குக் கேக்கத் தெரிஞ்சுது.

இதெல்லாம் அப்பிடியே எழுதியாச்சு. சத்தியக் கடதாசியாய்த்தான் முடிச்சனான். எங்கடை ஒழுங்கை ஜே.பி., அதுதான் சமாதான நீதவான், ஆரெண்டு உனக்குத் தெரியுந்தானே, அவரிட்டைப் போனால் பின்னேரம் கதை கோயிலடியிலை நிக்கும். பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனன், முன்பின் தெரியாத ஒருத்தரிட்டை. நாலு பக்கத்தையும் தலை நிமிராமல் வாசிச்சார். பிறகு குமிழ்முனைப் பேனையை எடுத்து ஒரு சொல்லிலை வட்டம் போட்டார். "ரீச்சர், தன்பாலீர்ப்பு எண்டதுக்கு லீ நெடில். நீங்கள் குறில் போட்டிருக்கிறியள். திருத்திப் பக்கத்திலை ஒப்பம் வையுங்கோ" எண்டார். எத்தினை ஆயிரம் கொப்பி திருத்தினவள் நான். வீட்டிலை இருந்து அந்தச் சொல்லைப் பத்துத் தரம் எழுதிப் பாத்துத்தான் போனனான். திருத்தேக்கை கை நடுங்கிச் சுழி பிசகிப் போச்சு, பாத்தால் உனக்குத் தெரியும்.

இதிலை ஒரு வில்லங்கம் இருக்கு. நீ நேர்முகத்திலை சொன்னதும் நான் எழுதினதும் ஒண்டுக்கொண்டு முரண். போன் ஆர் எடுத்தது எண்ட இடம். முரண் கண்டால் முழுக்கப் பொய்யெண்டிடுவினமாம். உனக்கு நான்தான் பொய் சொன்னது, நீ சொன்னது பொய் இல்லை எண்டு கடைசிப் பக்கத்திலை தனியாய் எழுதியிருக்கிறன். அது காணுமோ காணாதோ லோயரிட்டைக் கேள். அதுதான் மச்சாளுக்கு நேரை குடுக்காமல் உனக்கெண்டு ஒட்டி அனுப்புறன், பிரிக்காமல் குடு எண்டு அவளிட்டைச் சொல்லியிருக்கிறன். குடுக்கிறதெண்டால் குடு. கிழிக்கிறதெண்டால் கிழி, நான் ஏனெண்டு கேக்கமாட்டன். மாமா அறிஞ்சால் என்ன நடக்கும் எண்டு நீ யோசிக்காதை, அது என்ரை பாடு.

பாசலுக்குள்ளை மிளகாய்த்தூள் ஒரு கிலோ, பருத்தித்துறை வடை, புழுக்கொடியல், எள்ளுப்பாகு இருக்கு. ஹொட்டேலிலை அடுப்பு இல்லையாம், அப்ப தூளை மச்சாளிட்டையே விடு. வடையை ஒரேயடியாய்த் தின்னாதை. விசாரணை நாளிலை கட்டாயம் சாப்பிட்டிட்டுப் போ, வெறுவயித்தோடை போனால் உனக்குக் கை விறைக்கும். தொப்பி போடு.

அந்தப் பருத்தித்துறைப் பிள்ளை இப்ப எங்கை எண்டு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சால், சுகமாய் இருக்கிறானோ எண்டு மட்டும் சொல்லு.

கதைக்கத் தேவையில்லை. பாசல் வந்து சேர்ந்தால் வந்தது எண்டு ஒரு சொல் போடு.

இப்படிக்கு,
அம்மா